கடனில் வாங்கிய பழைய காரும் கைக்கு வராத அறிக்கையும்

பழைய கார் ஒன்றைக் கடனில் வாங்கும்போது, அதன் நிலையைப் பற்றி விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் ஆள் எழுதும் ஆவணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அது கடன் கொடுக்கும் நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளரின் அறிக்கை. அவர் வந்து பானெட்டைத் திறக்கிறார். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கிறார். நான்கு பக்கமும் படம் பிடிக்கிறார், மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்கிறார், கார் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுகிறார். பல நிறுவனங்கள் இதற்கான கட்டணத்தைக் கடன் வாங்குபவரிடமிருந்தே வசூலிக்கின்றன. அறிக்கை மட்டும் அவர் கைக்கு வருவதில்லை. நிறுவனத்தின் கோப்பில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஆறு மாதம் கழித்து, மழைக்காலத்துக்கு முன் வண்டியை மெக்கானிக் லிஃப்டில் ஏற்றி, முன்பக்க ஏப்ரன் வெட்டி ஒட்டியது என்றோ, இருக்கைக்கு அடியில் சேறு காய்ந்திருக்கிறது என்றோ சொல்லும்போதுதான் அந்த அறிக்கையின் அருமை தெரிகிறது. மதிப்பீட்டாளர் அதைப் பார்த்தாரா, பார்த்து எழுதினாரா, எழுதியதை வைத்துக்கொண்டு நிறுவனம் கடன் தொகையைக் குறைத்ததா என்பதெல்லாம் வாங்கியவருக்குத் தெரியாது. அந்த அறிக்கையின் நகல், கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே வாங்குபவர் கையில் இருக்க வேண்டும். மற்ற உரிமைகள் எல்லாம் சட்டப் புத்தகத்தில் ஏறத்தாழ இருக்கின்றன. அவற்றை நிரூபிக்கும் காகிதம்தான் இல்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தச் சிக்கலுக்குத் தனி அழுத்தம் உண்டு. 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் அடுத்தடுத்து நிற்கும் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா ஆலைகள், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் ஆலை என்று, வண்டியும் வண்டிப் பாகமும் செய்பவர்கள் நிறைந்த பகுதி இது. ஷிப்ட் முடிந்து இரவில் திரும்புகிறவர், வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டியவர், சிறு பட்டறைக்குச் சரக்கு ஏற்றுபவர் எனப் பலருக்கும் முதல் நான்கு சக்கர வண்டி பழைய வண்டிதான். சி.டி.எச். சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் உள்ள ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் வண்டி, கடன், காப்பீடு, ஆர்.டி.ஓ. வேலை நான்கும் ஒரே மேசையில் முடிகின்றன. அந்த வசதிதான் சிக்கலின் தொடக்கமும். ஒரே மேசையில் நடப்பதால் அது ஒரே வியாபாரம் என்று வாங்குபவர் நினைக்கிறார். சட்டத்தின் கண்ணில் அவை தனித்தனி ஒப்பந்தங்கள்.

இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டபோதும், கொரட்டூர் ஏரிக்கரைத் தெருக்களில் நீர் நின்றபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியபோதும், மூழ்கிய கார்கள் எங்கே போயின என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பழுது நீக்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் வண்டியை முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சிய வண்டி ஏலத்துக்குப் போகிறது. இனி ஓட்டவே முடியாத வண்டியென்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. ஆனால் ஏலம் எடுத்தவர் கழுவிக் காயவைத்து, வயரிங்கை மாற்றி, டிங்கரிங் பெயின்டிங் முடித்து ஓட்டத் தொடங்கினால், ஆர்.சி. புத்தகத்தில் அந்த வெள்ளத்தின் சுவடே இருக்காது. வயரிங் இணைப்புகளில் பிடிக்கும் பச்சைத் துரு பல மாதம் கழித்தே வேலையைக் காட்டும்.

பழைய வாகனக் கடன் சென்னைக்குப் புதிதல்ல. நாட்டில் அந்தத் தொழில் வளர்ந்த ஊர்களில் முதன்மையானது இது. 1954-இல் சுந்தரம் ஃபைனான்ஸ் இங்கே தொடங்கியது. 1978-இல் சோழமண்டலம் வந்தது. 1979-இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் தொடத் தயங்கிய பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தே பெரிதானது. ஓட்டுநர்கள் பலரை உரிமையாளர்களாக்கிய தொழில் இது. அந்தப் பெருமையை மறுக்க முடியாது. அந்தக் காலத்தின் வழக்கமான வடிவம் தவணை முறை வாடகைக் கொள்முதல். கடைசித் தவணை கட்டும் வரை வண்டி நிறுவனத்துடையது, ஓட்டுபவர் வாடகைதாரர். இன்று பரவலாக இருப்பது ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி வாங்கியவருடையது, நிறுவனத்துக்கு அதன் மேல் அடமானப் பிடிப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி அந்தப் பிடிப்பு ஆர்.சி.யில் பதிவாகிறது. கடன் தீர்ந்தபின் என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் கொடுத்து அதை நீக்க வேண்டும். கன்சல்டிங் கடைகள் ‘ஹெச்.பி. கேன்சல்’ என்று சொல்வது இதைத்தான்.

இந்த மாற்றத்துக்கு நடுவே ஒரு சட்டம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. 1972-இல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டத்தை நிறைவேற்றியது. தவணைக்குக் கொடுக்கும் நிறுவனமே பொருளின் தரத்துக்கு ஓரளவு பொறுப்பேற்க வேண்டும் என்ற விதிகளும், குறிப்பிட்ட பங்குத் தொகை கட்டியபின் நீதிமன்றம் போகாமல் பொருளைப் பறிக்கக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தன. பழைய பொருள் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் நிறுவனம் தப்பிக்கும் ஓட்டையும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கடன் கொடுப்பவரைப் பொருளின் நிலையோடு கட்டிப்போட்ட முதல் முயற்சி அது. ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமல் 2005-இல் அது ரத்தானது. அதன் இடத்தில் வேறொன்று வரவில்லை.

விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். ஆவடியில் ஒருவர் நாலரை லட்சம் ரூபாய்க்குப் பழைய கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 1.20 லட்சம், மீதி 3.30 லட்சத்துக்கு 15 சதவீத வட்டியில் நான்காண்டுக் கடன். மாத டியூ ஏறத்தாழ 9,200 ரூபாய். நான்காண்டில் வட்டி மட்டும் 1.11 லட்சத்தை நெருங்கும். மூன்றாம் மாதம் அது விபத்தில் நொறுங்கிச் சேர்த்த வண்டி என்று தெரிகிறது. சந்தையில் அதன் உண்மை விலை இரண்டரை லட்சம். இப்போது விற்றால்கூடக் கடன் அடையாது. நிறுவனத்திடம் போனால், நாங்கள் கொடுத்தது பணம், வண்டியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் என்ற பதில் வரும். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

அந்த நேரத்தில் வரும் முதல் கோபம் டியூவை நிறுத்துவது. அதைச் செய்யவே கூடாது. காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஏற்பாடு பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் அதே வகைக் குற்றம். சிபில் மதிப்பெண் விழும். வண்டியை சீஸ் செய்ய நிறுவனத்துக்கு ஒப்பந்த உரிமை பிறக்கும். அடியாள் அனுப்பி வண்டியைப் பறிப்பதை ஐசிஐசிஐ வங்கி வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது உண்மை. சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸ் வழக்கில் 2011-இல் மீட்பும் சட்ட வழியில்தான் நடக்க வேண்டும் என்றது. ரிசர்வ் வங்கியும், அறிவிப்புக் காலம், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு ஆகியவற்றை வங்கி சாரா நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று விதித்தது. ஆனால் இவையெல்லாம் எப்படிப் பறிப்பது என்பதைப் பற்றிய காப்புகள். வண்டி மோசமானது என்பது டியூ கட்டாததற்குக் காரணமாக எங்கும் ஏற்கப்படவில்லை. டியூவைக் கட்டிக்கொண்டே, அந்த வட்டியையும் சேர்த்து விற்றவரிடம் இழப்பீடாகக் கேட்பதே வழி. விலையைத் திருப்பிக் கேட்கும் வழக்கில் பணம் கட்டிய நாளிலிருந்து வட்டி தர, 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

இரண்டாவது தவறு, சாவியைக் கடையில் வீசிவிட்டு வருவது. வண்டியைக் கடையில் விட்டாலும் ஆர்.சி. உங்கள் பெயரில்தான் இருக்கிறது. கடைப் பையன் அதை எடுத்துக்கொண்டு போய் யார் மீதாவது மோதினால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளர் தலையில் விழும். நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அதில் வண்டி பல கைகள் மாறியிருந்தும் பதிவில் இருந்த முதல் ஆளே பொறுப்பானார். வண்டியைத் திருப்பிக் கொடுப்பதென்றால் தேதி, மணி, கிலோமீட்டர் எழுதிக் கையொப்பம் வாங்கிய கடிதத்தோடுதான் கொடுக்க வேண்டும்.

சரி, விற்றவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? இங்கே 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு மோசடி எது என்று வரையறுக்கிறது. விளக்க எடுத்துக்காட்டுகளில் வருவது குதிரை வியாபாரம். நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவர் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருந்தால் அது மோசடியல்ல. வெறும் மௌனத்தைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் அடுத்தடுத்த எடுத்துக்காட்டுகளில் ஒன்றில், நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொல்கிறார்; விற்பவர் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அந்த எடுத்துக்காட்டு இன்று அம்பத்தூரில் கார் வாங்குபவருக்கு நேரடியாக உதவும். முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினால் போதும்: இந்த வண்டி பெரிய விபத்தில் சிக்கியதில்லை, வெள்ளத்தில் நின்றதில்லை, மீட்டர் மாற்றப்படவில்லை என்று நம்பியே வாங்குகிறேன், மாறாக எதுவும் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். பதில் வந்தால் அது வாக்குமூலம். பதில் வராமல் பணத்தை வாங்கிக்கொண்டால், அந்த மௌனத்துக்குச் சட்டத்தில் எடை உண்டு. இவ்வளவு செலவில்லாத பாதுகாப்பு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு வரம்பு மட்டும் உண்டு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்ற நிலையில், மௌனத்தால் நேர்ந்த மோசடியைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு. கதவில் தெரிகிற நசுங்கலுக்கு இந்த வழி கிடையாது. பட்டி பூசி மறைத்த பில்லருக்கு உண்டு.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் குறைபாடு என்பதற்கான விளக்கம் விரிவானது: சட்டப்படி, ஒப்பந்தப்படி, அல்லது வணிகர் எந்த வகையிலாவது சொல்லிக்கொண்டபடி இருக்க வேண்டிய தரத்தில் குறைவு. இந்தக் கடைசிச் சொற்கள் பழைய கார் வியாபாரத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கின்றன. பழைய காருக்குப் புதுக் காரின் தரம் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. தேய்ந்த கிளட்ச்சும் மங்கிய ஹெட்லைட்டும் விலையிலேயே அடங்கியவை. ஆனால் ‘நான் ஆக்சிடென்ட்’, ‘சிங்கிள் ஓனர்’, ‘ஒரிஜினல் பெயின்ட்’, ‘ஃபுல் கம்பெனி சர்வீஸ்’ என்று விளம்பரத்தில் போட்டுவிட்டால் அந்தச் சொற்களே தரத்தின் அளவுகோல் ஆகிவிடுகின்றன. விளம்பரத்தை நீக்குவதற்கு முன் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தப் படமும் செய்திகளும் உள்ள கைப்பேசியை மாற்றாமல் வைத்திருப்பது நல்லது, மின்னணு ஆவணத்துக்குச் சான்று கொடுக்க அது தேவைப்படும்.

இந்தச் சட்டம் வணிகருக்கு எதிரானது. ஓ.எல்.எக்ஸ். பார்த்து, பக்கத்துத் தெருவில் சொந்த வண்டியை ஒருமுறை விற்ற தனியாளை இதில் பிடிப்பது கடினம். அவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். கன்சல்டிங் கடைகளும் இந்தச் சந்துக்குள்தான் நுழையப் பார்க்கின்றன. டெலிவரி நோட்டில் கடையின் பெயர் இருக்கும், விற்பனைக் கடிதமோ பழைய ஆர்.சி. உரிமையாளரிடமிருந்து நேராக உங்கள் பெயருக்கு இருக்கும். தகராறு வந்தால், நாங்கள் இடையில் கமிஷனுக்கு நின்றவர்கள் என்பார்கள். 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் இதற்கு ஒரு விடை. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் வணிகர் பதிவு அதிகாரியிடம் அனுமதிச் சான்று பெற வேண்டும். வண்டி அவர் கைக்கு வந்ததை இணையவழியில் தெரிவித்தபின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். கடைக்குள் நுழைந்ததும் கேட்க வேண்டிய முதல் காகிதம் இந்தச் சான்று. அது இல்லாத கடையிலும், முன்பணம் கடையின் கணக்குக்குப் போயிருந்தால் கடை வெறும் தரகர் என்ற வாதம் வலுவிழக்கும். ஆகவே ரொக்கமாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

மறைத்தவர் யாரோ அவரே பொறுப்பு என்பதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் தொடர்பான கோவா வழக்கில் அழுத்திச் சொன்னது. 2009-இல் தயாராகி, ஏற்கெனவே ஓடியிருந்த காரைப் புதுக் கார் என்று ஒரு விற்பனையாளர் விற்றுவிட்டார். கீழ் நுகர்வோர் ஆணையங்கள் தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்துப் பொறுப்பாக்கின. உச்ச நீதிமன்றம் நிறுவனத்தை விடுவித்தது. நிறுவனத்துக்கும் விற்பனையாளருக்கும் இடையில் இருப்பது முகவர் உறவல்ல, தனித்தனி வணிகர்களின் உறவு, விற்பனையாளரின் செயல் நிறுவனத்துக்குத் தெரியும் என்று காட்டப்படவில்லை என்பது காரணம். விற்பனையாளரின் பொறுப்பு அப்படியே நின்றது. பழைய காரைக் கடனில் வாங்கியவருக்கு இதில் இரண்டு பாடம் உண்டு. பெரிய பெயரைச் சேர்த்தால் பணம் வந்துவிடும் என்று நம்பக் கூடாது. ஒருவரைப் பொறுப்பாக்க அவருக்குச் சேதம் தெரிந்திருந்தது என்று மனுவில் குறிப்பாக எழுதிக் காட்ட வேண்டும். கடன் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்ததைக் காட்டக்கூடியது மதிப்பீட்டு அறிக்கை ஒன்றுதான். அதனால்தான் அதை வலியுறுத்துகிறேன்.

வேகமும் முக்கியம். வண்டியை ஏற்றுக்கொண்டபின் அதைத் திருப்பித் தள்ளும் உரிமை போய், இழப்பீடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருப்பதும் ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். வண்டியை அடமானம் வைத்ததே ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் என்றுகூட எதிர்த்தரப்பு வாதாடலாம். சேதம் தெரிந்த அன்றே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் விற்றவருக்கும் கடன் நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். சரிசெய்துகொண்டு அப்புறம் பார்க்கலாம் என்று வண்டியைப் பட்டறையில் பிரித்துவிட்டால் சாட்சியே அழிந்துவிடும். முதலில் உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயர் ஒருவரிடம் படங்களோடு எழுத்தில் அறிக்கை வாங்கிக்கொள்வது நல்லது.

கைப்பேசிச் செயலி வழியாக வாங்கிய கடன் என்றால் இன்னொரு சிறு வாசல் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, நிறுவனம் அறிவிக்கும் சில நாள் அவகாசத்துக்குள், அசலையும் அந்த நாள்களுக்கான வட்டியையும் கட்டிவிட்டு அபராதமின்றி வெளியேறலாம். 2025 விதிகளின்படி அந்த அவகாசம் ஒரு நாளுக்குக் குறையக் கூடாது. மெக்கானிக்கிடம் காட்ட அந்த நாளைப் பயன்படுத்த வேண்டும்.

எதைப் பார்ப்பது என்பதை நல்ல மெக்கானிக் அறிவார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால், சீட் பெல்ட்டை முழுதாக இழுக்கும்போது அடிப்பகுதியில் வண்டல் கோடு தெரியும். ஸ்டெப்னி கிடங்கின் தளத்தில் துரு இருக்கும். விபத்தில் அடிபட்டது என்றால், ஒரே காரின் கண்ணாடிகளில் பொறித்த ஆண்டுகள் வேறுபடும். ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருக்கும். ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லை என்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள். காகிதத்திலும் ஒரு தடயம் உண்டு. காப்பீட்டில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என ஏறி 50 வரை போகும். ஐந்து வருடமாக ஒரே உரிமையாளர் என்று சொல்லும் வண்டியின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், சமீபத்தில் இழப்பீடு கோரியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். வாங்கியபின் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். தானாக மாறுவது மூன்றாம் நபர் பாதுகாப்பு மட்டுமே என்று பல ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வழக்கு என்று வந்தால் எங்கே போவது? பழைய நுகர்வோர் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ சிக்கல் எழுந்த ஊருக்கோதான் போக வேண்டியிருந்தது. 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே தொடரலாம் என்கிறது. ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் அங்குள்ளவர்களுக்குச் சென்னை. டிஎன்-12, டிஎன்-13 என்ற வண்டி எண்ணைப் பார்த்து இதைத் தீர்மானிக்கக் கூடாது. கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே போதும்; ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, பத்து லட்சம் வரை 200 ரூபாய். இணையத்திலும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு.

சரக்கு ஏற்ற டாடா ஏஸ் வாங்கியவர், டாக்சிக்காக டிசையர் வாங்கியவர் இதை வணிக நோக்கம் என்று எண்ணி ஒதுங்கிவிட வேண்டாம். கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் எதிர்த்தரப்பாக நின்ற லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதற்குக் கோடு போட்டுக் கொடுத்தது. பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். ஆள் வைத்து ஓட்டித் தொழிலாக நடத்துபவர் அல்ல.

கடன் கொடுப்பவரை இந்தச் சங்கிலிக்குள் கொண்டுவருவது நடக்காத காரியம் என்பவர்களுக்குத் தமிழர் வாழும் மூன்று நாடுகளைக் காட்டலாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று விற்றவர்தான் காட்ட வேண்டும். தவணையில் எடுத்த வண்டிக்கும் அது பொருந்தும்படி வாடகைக் கொள்முதல் சட்டத்தையும் சேர்த்தே திருத்தினார்கள். மலேசியாவில் பழைய காரைத் தவணைக்கு எடுப்பதென்றால் புஸ்பகாம் நிலையத்தில் பி-7 என்ற தனிச் சோதனையே இருக்கிறது. பிரிட்டனிலோ 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, விற்றவரோடு கடன் கொடுத்தவரையும் கூட்டாகப் பொறுப்பாக்குகிறது. அங்கெல்லாம் கடன் தொழில் அழிந்துபோய்விடவில்லை.

இங்கே புதுச் சட்டம் வரும்வரை, கையில் இருக்கும் ஒரு விதியைப் பயன்படுத்தலாம். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் கொடுப்பதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. மூன்றாம் தரப்புச் சேவைக்காகக் கடன் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணங்களைத் தனியே காட்ட வேண்டும், அவற்றுக்கான ரசீதையும் தொடர்புடைய ஆவணங்களையும் நியாயமான காலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. மதிப்பீட்டுக் கட்டணம் அந்தத் தாளில் இருந்தால், அந்தக் கட்டணத்தோடு தொடர்புடைய ஆவணம் மதிப்பீட்டு அறிக்கையே என்பது என் வாசிப்பு. கையெழுத்திடும் முன் அதை எழுத்தில் கேட்க வேண்டும். மறுத்தால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போதும் கடன் நிறுவனத்தை எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். அதனிடம் இழப்பீடு கேட்பதற்காக அல்ல. வென்றபின் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: விலையைத் திருப்பித் தர உத்தரவு வருகிறது, வண்டியோ ஹெச்.பி.யில் இருக்கிறது, என்.ஓ.சி. இல்லாமல் ஆர்.சி. மாறாது, விற்றவர் அதைச் சாக்கிட்டுப் பணத்தைத் தள்ளிப்போடுகிறார். விற்றவர் முதலில் கடன் பாக்கியை நேரடியாக நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும், நிறுவனம் என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் கொடுக்க வேண்டும், கட்டிய டியூக்களும் முன்பணமும் வட்டியோடு வாங்கியவருக்கு வர வேண்டும், அதன்பின் ஆர்.சி. மாற்றம் என்ற வரிசையில் கோரிக்கையை எழுதினால் உத்தரவும் அந்த வரிசையில் வர வழியுண்டு. மதிக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71-ஆம் பிரிவில் நிறைவேற்று மனு. 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. இவற்றோடு முதல் விசாரணையிலேயே இன்னொரு மனுவும் போட வேண்டும். ஆவணங்களைத் தாக்கல் செய்யச் சொல்ல அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் கொடுக்கிறது. மதிப்பீட்டு அறிக்கையையும் அதன் படங்களையும் நிறுவனம் தாக்கல் செய்யாமல் நிறுத்திவைத்தால், அவை தனக்கு எதிராக இருப்பதால்தான் காட்டவில்லை என்று ஆணையம் கருத இடமுண்டு.